இந்த வேளை வேண்டாம்

தள்ளுவண்டியின் முன்சக்கரம் கதவோரத்தில் மாட்டிக்கொண்டது. ஐலா இடுப்பால் முட்டித் தள்ளினாள். காபி ஃபிளாஸ்க் ஆடியது. தட்டு சரிந்து பிஸ்கட்டுகள் தரையில் சிதறின. இன்னொரு முட்டு. வண்டி நடைக்குப் போய் எதிர்ச் சுவரில் மோதி நின்றது. காகிதக் கைக்குட்டைப் பெட்டி, பாட்டரியில் எரியும் மெழுகுவத்தி, உதட்டில் தடவும் களிம்பு, கறுப்பு அட்டை வேதாகமம் எல்லாம் அதில் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"அம்மா, என்ன பண்ற?" கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரீத்தா எழுந்தாள்.

"ரூம் மாறி வந்திருக்கு."

"மாறியெல்லாம் வரல. நாம நேத்துலேருந்து இங்கயே உக்காந்திருக்கோம்னு காபி குடுத்து அனுப்பியிருக்காங்க. அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷமா நானும்தான் தினம் வந்து உக்காந்திருக்கேன். ஒரு வாய் வெந்நீர் குடுத்தாங்களா? இங்க யாரும் சும்மா காபி குடுக்க மாட்டாங்க."

கணவன் ஆர்வோ கட்டிலில் அசையாமல் படுத்திருந்தான். வாய் திறந்திருந்தது. மூச்சு வந்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி வந்தது.

அந்த முதியோர் இல்லத்தில் தள்ளுவண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. கூடத்தில் சீட்டாடும் கிழவிகள் அது லிஃப்டிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டால் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். போன மாதம் அது எதிர் அறை பெல்த்தியேவிடம் போனது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் அதே அறையில் வேறொருவர், சுவர் அகல டிவி ஒன்றை அலறவிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டில் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள். கனடாவின் இந்தத் தண்டர் பே ஊரில் கட்டிலுக்குக் காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஐலாவுக்குத் தெரியாதா? ஆர்வோவுக்கு இங்கே இடம் கிடைக்கும்வரை அவளும் காலையில் பேப்பரை மரண அறிவிப்புப் பக்கத்தில்தான் பிரித்தாள்.

சந்தேகப்படுவது அவளுடைய இலாகா. நம்புவது அவனுடையது. கல்யாணமான புதிதிலேயே அப்படிப் பிரிந்துவிட்டது. கறிக்கடைத் தராசில் கடைக்காரனின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று அவள் பார்ப்பாள். ஆர்வோ அவனிடம் மீன் எங்கே கடிக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பான். முதல் கார் வாங்கப் போனபோது, விற்கிறவன் சொன்னதையெல்லாம் ஆர்வோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்க, ஐலா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு பனியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டாள். அடித்தகடு துருப்பிடித்து ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது. காகித ஆலையில் வேலை செய்த காலமெல்லாம் ஆர்வோ இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தான். "ஊரே என்னை ஏமாத்தலாம். ஆனா வீட்ல ஒருத்தி இருக்காளே, வண்டிக்கு அடியிலேருந்து எந்திரிச்சு வருவா."

இந்த இல்லத்திலும் அவள் அப்படித்தான் இருந்தாள். காபியோடு தின்கிற ஏலக்காய் ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வருவாள். போகும்போது ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் கேட்டால், பராமரிக்கிற பெண்கள் ஒரே குரலில், "முழுசும் சாப்பிட்டாரு ஐலா, ரொம்பப் பிடிச்சுது அவருக்கு," என்பார்கள். ஒருநாள் குப்பைக்கூடையைக் கிளறினாள். ரொட்டி அப்படியே கிடந்தது, துணியின் மடிப்பு அதன்மேல் பதிந்திருந்தது. அவன் விழுங்கமுடியாமல் போய் நாளாகிவிட்டிருந்தது. அவளுக்கு வருத்தமாக இருக்குமென்று சொல்லவில்லையாம். அன்றிலிருந்து அங்கே யார் சிரித்தாலும் ஐலா அவர்கள் கையைத்தான் பார்த்தாள்.

இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஆர்வோவின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே இருந்த ஊசியை. மெல்லிய ஊசி, மேலே தெளிவான பிளாஸ்டர், அதிலிருந்து கிளம்பும் சிறிய குழாய், அதன் முனையில் ஒரு மூடி. முந்தாநாள் அதைக் குத்தினார்கள். அதற்கு முந்தின நாள்வரை அவன் கண்ணைத் திறந்து பேசினான். மூச்சுத் திணறினான், கால்கள் வீங்கியிருந்தன, எல்லாம் சரி. ஆனால் பேசினான். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த மூடிவழியாக மருந்து போக ஆரம்பித்ததும் தூங்க ஆரம்பித்தவன்தான்.

"நீயும் டாக்டரும் நடையில நின்னு குசுகுசுன்னு என்ன பேசினீங்க?"

"குசுகுசுன்னெல்லாம் பேசல. உனக்குக் கேக்கல, அவ்வளவுதான்," என்றாள் ரீத்தா. எட்மன்டனிலிருந்து விமானத்தில் வந்தவள். பல் மருத்துவமனையில் வேலை. எதையும் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லும் குரலிலேயே சொல்வாள். "அப்பாவோட இதயம் ஓஞ்சுபோச்சு. நுரையீரல்ல தண்ணி. இனிமே ஆஸ்பத்திரி, டியூப் எதுவும் வேண்டாம், கஷ்டமில்லாம வச்சுக்கலாம்னு சொன்னார். உன்கிட்டயும்தான் சொன்னார். நீயும் தலையாட்டுன."

"கேக்கலன்னாதான் நான் தலையாட்டுவேன். உனக்குத் தெரியாதா?"

ரீத்தா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அது அவளுக்குத் தெரிந்ததுதான். சின்ன வயதிலிருந்து தெரியும்.

"சரி. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

ஐலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே நிறுத்துமிடத்தில் ஒருவன் கார் கண்ணாடியிலிருந்து பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏரிப் பக்கத்திலிருந்து வந்த காற்று அவன் சுரண்டியதை அவன் முகத்திலேயே அடித்தது.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் ஜோஸ்லின் வந்தாள். பருத்த உடம்பு, சத்தமே எழுப்பாத செருப்பு. வடக்கே பிரெஞ்சு பேசுகிற ஏதோ சுரங்க ஊர்க்காரி. அறைக்குள் வரும்போது எப்போதும் முதலில் ஆர்வோவிடம்தான் பேசுவாள். அதுவே ஐலாவுக்குப் பிடிக்கவில்லை. தூங்குகிறவனிடம் என்ன பேச்சு?

"ஆர்வோ, நான்தான். மருந்து கொண்டுவந்திருக்கேன்."

ஐலா நாற்காலியைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, உள்ளங்கையை அவன் மார்பில் வைத்து ஊசியை மூடினாள்.

"இந்த வேளை வேண்டாம்."

"அம்மா!"

"நீ சும்மா இரு. நான் அவன் பெண்டாட்டி. எனக்குத்தான் கேக்கற உரிமை. அப்படித்தானே?" கடைசிக் கேள்வி நர்ஸுக்கு.

"அப்படித்தான்," என்றாள் ஜோஸ்லின். "ஏன் வேண்டாம்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அவன் எந்திரிக்கணும்."

நர்ஸ் கையிலிருந்த சின்ன ஊசிக்குழலைப் பார்த்தாள். பிறகு ஐலாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "எந்திரிக்கலாம், எந்திரிக்காமலும் போகலாம். எந்திரிச்சா மூச்சு முட்டும் ஐலா. அதுக்குத்தான் இது."

"கேட்டுச்சு," என்றாள் ஐலா. தலையாட்டவில்லை.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டு நான் நடையிலதான் இருப்பேன். கூப்பிடுங்க."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்பதும் ஐலாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

ரீத்தா கோட்டை எடுத்தாள். கை நுழையாமல் தடுமாறினாள். "உன்னால யாரையுமே நம்ப முடியாதாம்மா? என்னையாவது?"

"உன்னை நம்பினா என்ன, நம்பாட்டி என்ன. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். அவன் வாயால கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

கதவு சாத்திக்கொண்டது. அவள் காரில் போய் உட்கார்ந்து அழுவாள், பிறகு எங்காவது சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வருவாள் என்று ஐலாவுக்குத் தெரியும். கையை எடுக்காமல் உட்கார்ந்தாள். உள்ளங்கைக்கு அடியில் அவன் மார்பு ஏறி இறங்கியது. என்ன கேட்க வேண்டுமென்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. போகட்டுமா என்று அவன்தான் கேட்க வேண்டும், அவளா கேட்பது? ஒரு இடத்துக்குக் கிளம்புகிறவன் வாசலில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவான். ஆலைக்கு ராத்திரி வேலைக்குப் போகும்போதுகூட, தூங்குகிற அவள் காலைப் போர்வைக்கு மேலேயே தட்டிவிட்டுத்தான் போவான். கடைசியாக விழித்திருந்தபோது அவர்கள் பேசியது காதுக் கருவியின் பாட்டரியைப் பற்றி. யாரோ திருடிவிட்டார்கள் என்று அவள் சொல்ல, கட்டிலுக்கு அடியில் பார் என்று அவன் சொன்னான். அதுதான் கடைசிப் பேச்சென்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வெளிச்சம் சுவரில் சாய ஆரம்பித்தபோது அவன் புருவம் அசைந்தது. பிறகு உதடு. இமைகள் ஒட்டியிருந்து பிரிந்தன. நீலக் கண்கள் கூரையைப் பார்த்தன, விளக்கைப் பார்த்தன, மெதுவாக இறங்கி அவளிடம் வந்தன.

"அட," என்றான் ஆர்வோ. பேச்சைவிடக் காற்றுதான் அதிகம். "நீயா."

"நான்தான். வேற யாரு வருவா?"

அவன் வாயின் ஓரம் மேலே போனது. அந்தச் சிரிப்பு அவளுடையது. வேறு யாருக்கும் அவன் அப்படிச் சிரித்ததில்லை. அவளுக்கு நெஞ்சு பொங்கியது. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று கதவைத் திறந்து நடை முழுக்கக் கத்த வேண்டும்போல இருந்தது. இன்னொரு கையால் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து, வாய் நனைக்கக் கொடுத்திருந்த பஞ்சுக் குச்சியைக் காபியில் தோய்த்து அவன் உதட்டில் வைத்தாள். அவன் குழந்தைபோலச் சப்பினான்.

"சூடா இருக்கா?"

"ம்."

"இவங்க காபி இல்ல. நான் போட்டது."

"தெரியுது," என்றான்.

அதுதான் நேரம் என்று அவள் குனிந்தாள். "ஆர்வோ, இங்க பாரு. ஒண்ணு கேக்கறேன். உனக்கு..."

அவன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கண்கள் அவளைவிட்டு விலகி எங்கோ போயிருந்தன. தொண்டையில் ஒரு சத்தம், குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம். மார்பு அவள் கையைத் தூக்கியது, மறுபடி தூக்கியது, உள்ளே எதுவும் போகவில்லை. காபி வாயோரமாக வழிந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. போர்வையை விரல்கள் பிறாண்டின.

"ஒண்ணுமில்ல. மெதுவா. மெதுவா இழு. போயிடும் இது." வீட்டில் அப்படித்தான் போகும். நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினால் போய்விடும். ஒரு கையால் அவனை நிமிர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. அடுத்த மூச்சில் சரியாகிவிடும் என்று காத்தாள். அடுத்ததில். அடுத்ததில். அவன் முகம் சாம்பல் நிறமானது.

அவன் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மரக்கட்டை தூக்கிய கை. அதில் இன்னும் இவ்வளவு பலம் இருக்குமென்று அவள் நினைக்கவில்லை. நகங்கள் இறங்கின. அவன் தன் மார்பைக் குனிந்து பார்த்தான். அங்கே அழுத்தியிருந்த கையைப் பார்த்தான். கையைத் தொடர்ந்து மேலே வந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

கறிக்கடைக்காரனையும் கார் விற்கிறவனையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பார்வையை அவள் தன் முகத்தில் உணர்ந்திருக்கிறாளே தவிர, எதிரே பார்த்ததில்லை. அவனிடம் பார்த்ததே இல்லை.

"நீயா?" என்றான்.

அவள் கையை நெருப்புப் பட்டதுபோல எடுத்துக்கொண்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூப்பிட்டாள். என்ன கூப்பிட்டாள் என்று தெரியவில்லை, இங்கிலீஷில் இல்லை, தாய்மொழியில்தான் கூப்பிட்டிருக்க வேண்டும், ஆனால் அது முடிவதற்குள் கதவு திறந்துவிட்டது. ஜோஸ்லின் அந்தக் கதவுக்கு வெளியிலேயே இருந்திருக்கிறாள். தலைமாட்டை உயர்த்தினாள், மூடியைத் திருகினாள், மருந்தைச் செலுத்தினாள். பிறகு ஆர்வோவின் தோளை அணைத்துக்கொண்டு, "வந்துடும் ஆர்வோ, இதோ வந்துடும், என்கூட இருங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றாள் ஐலா.

"கொஞ்ச நேரமாகும்."

அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் ஐலா சுவரோரம் நின்றாள். கிட்டே போகவில்லை. அவன் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கவும் பயமாக இருந்தது. விரல்கள் போர்வையை விட்டன. தோள்கள் இறங்கின. கண்கள் பாதி மூடின. மூச்சு தன் பழைய நடைக்கு வந்தது. அப்போதுதான் அவள் பக்கத்தில் போய், விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். ஜோஸ்லின் ஒரு துணியை நனைத்து அவன் வாயோரத்துக் காபியைத் துடைத்தாள். துடைத்த துணியை ஒரு கணம் பார்த்தாள்.

"ரீத்தா வந்தா சொல்லுவியா?" என்றாள் ஐலா.

"என்னன்னு?"

ஐலாவுக்கு அந்த முகத்தை எப்படிப் படிப்பதென்று தெரியவில்லை.

ரீத்தா வந்தபோது அவள் கோட்டிலிருந்து குளிர் இறங்கி அறையில் பரவியது. கையில் காகிதப் பை. கண்கள் வீங்கியிருந்தன. "எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சான். காபி குடிச்சான்."

"நிஜமாவா? ஏதாவது சொன்னாரா?"

"என்னை அடையாளம் தெரிஞ்சுது," என்றாள் ஐலா.

ரீத்தாவின் முகம் மலர்ந்தது. நம்புகிற முகம், அப்பாவைக் கொண்டு பிறந்தவள். "நீ கேக்கணும்னு சொன்னியே, கேட்டியா?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

ஐலா சாண்ட்விச்சின் காகிதத்தைப் பிரித்து, ரொட்டியைத் தூக்கி உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். பழக்கம். பிறகு மூடி வைத்துவிட்டாள். ரீத்தாவின் பார்வை அம்மாவின் மணிக்கட்டில் விழுந்தது. நாலு கோடுகள், புதியவை, ஒன்றில் ரத்தம் உறைந்திருந்தது. ரீத்தா அதைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மலர்ந்திருந்தது மெல்ல அடங்கியது.

"அம்மா, மத்தியானம் என்ன நடந்துச்சு?"

"காபி குடிச்சான்னு சொன்னேனே."

ரீத்தா நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். ஜோஸ்லின் துணியை மடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த வேளைக்கு அவள் வந்தபோது வெளியே விளக்குகள் போட்டுவிட்டார்கள். அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வராமல் ஐலாவைப் பார்த்தாள். ஐலா எழுந்து, ஆர்வோவின் போர்வையை இறக்கி, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். மருந்து உள்ளே போவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பொத்தானை அவளே போட்டாள்.

எதிர் அறை டிவியில் ஹாக்கி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மூச்சுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி நீண்டது. ஒரு இடைவெளியில் எதிர் அறையில் கோல் விழுந்து கூட்டம் ஆர்ப்பரித்தது. அது அடங்கும்வரை அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். அடங்கிய பிறகும் காத்திருந்தார்கள்.

ரீத்தா அப்பாவின் காலடியில் முகம் புதைத்தாள். ஐலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மருந்து போய் எவ்வளவு நேரம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. ஜோஸ்லின் வந்து மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணும் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பி ஐலாவிடம் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கழுவித் துடைக்கணும்," என்றாள் ஜோஸ்லின் பிறகு. "நீங்க வெளிய இருக்கலாம். இல்லன்னா கூட இருக்கலாம்."

"ஒருத்தியா எப்படிப் புரட்டுவ?"

"இன்னொரு பொண்ணைக் கூப்பிடுவேன்."

"வேண்டாம்," என்றாள் ஐலா.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு தட்டுப்பாத்திரத்தில் வந்தது. முகம், கைகள், காது மடல்களின் பின்புறம். ரீத்தா முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள். முதுகைத் துடைக்க அவனை ஐலாவின் பக்கமாகத் திருப்பினார்கள். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"பிடிச்சுக்கிட்டீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

அவன் தலை அவள் தோளில் விழுந்தது. பிறகு மார்பு, பிறகு தோள்கள், மொத்தப் பாரமும் மெல்ல மெல்ல அவள்மேல் வந்து சாய்ந்தது. ஆலையிலிருந்து வந்து நாற்காலியில் விழுகிற பாரம். அவள் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். அவன் முதுகில் துணி போய் வருவதும், தண்ணீரில் அலசப்படுவதும், மறுபடி போய் வருவதும் கேட்டது.

"ஆச்சு ஐலா," என்றாள் ஜோஸ்லின். "கீழ விடலாம்."

ஐலாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையாட்டினாள். பிடியை விடவில்லை.

ஜோஸ்லின் துணியைப் பிழிந்துவிட்டு நின்றாள். பாத்திரத்தில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.